பச்சை பிடித்த டைட்டானியம்

அப்பாவின் தாடையிலிருந்து கழன்று வந்த திருகு என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. மருந்துக் கடையில் மாத்திரை போட்டுத் தருகிற சிறிய காகித உறையில் வைத்துக் கொடுத்தார்கள். நீளம் 10 மில்லிமீட்டர், குறுக்களவு 4 மில்லிமீட்டர். கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்று விழுந்த இடத்தில், செயற்கைப் பல்லைத் தாங்குவதற்காகச் சித்திரைக் கடைசியில் வைத்தது. ஆனி பிறந்த முதல் வாரத்தில் ஆடத் தொடங்கிவிட்டது. மேட்டூர் திறந்து, கல்லணை திறந்து, குடமுருட்டியில் தண்ணீர் வந்துவிட்ட நேரம் அது. நாற்றங்காலுக்கும் உழவுக்கும் இடையில் ஓடிக்கொண்டிருந்த மனிதர், நாக்கால் தள்ளினால் திருகு அசைகிறது என்பதை நான்கு நாள் கழித்துத்தான் எங்களிடம் சொன்னார்.

மருத்துவர் கருவியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். பழுத்த வெள்ளரி கொடியை விட்டு வருவது போல வந்துவிட்டது. “வலிக்கவே இல்லையம்மா” என்று அப்பா சந்தோஷமாகச் சொன்னார். எனக்கு நெஞ்சு கனத்துப் போயிற்று. வலிக்காமல் வந்ததென்றால், எலும்பு அதை ஓரிடத்தில்கூடப் பிடித்திருக்கவில்லை என்று பொருள்.

உலோகங்களின் மேற்பரப்பை ஆராய்வதுதான் என் தொழில். டைட்டானியத்தின் மேல்தோலை லேசர் கதிரால் மாற்றினால் எலும்பு அதை எப்படி ஏற்றுக்கொள்கிறது என்று பார்க்கும் குழு ஒன்றில் எட்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். பிறந்தது பாபநாசத்துக்குப் பக்கத்தில், வளர்ந்தது வரப்பில். என்ன ஆராய்ச்சி என்று ஊரில் யாராவது கேட்டால் சுருக்கமாகச் சொல்லி நகர்ந்துவிடுவது வழக்கம். அந்தத் திருகு கைக்கு வந்த நாளிலிருந்து அப்படி நகர மனம் வரவில்லை.

திருகைக் கிருமி நீக்கி, ஆல்கஹாலில் நீர் போக்கி உலர்த்தி, மின்னணு நுண்ணோக்கிக்குள் வைத்தேன். ஐம்பது மடங்கில் அதன் மரைகள் மகாமகக் குளத்துப் படிக்கட்டு மாதிரி அடுக்கடுக்காக, அழகாக இருந்தன. ஐந்நூறு மடங்கில் அந்த அழகு போய்விட்டது. படிகளின் ஓரமாகச் சாம்பல் நிற நார்கள் சுற்றிக் கிடந்தன, தென்னையின் பன்னாடை போல. எலும்பு என்று சொல்லத்தக்க துணுக்கு ஒன்றுகூட இல்லை. உடல் அந்தத் திருகைத் தனக்கு வேண்டாத பொருளாக முடிவு செய்து, அதைச் சுற்றி மெல்லிய நார்ப்பை நெய்திருந்தது. இரண்டாயிரம் மடங்குக்குப் போனபோது இன்னொன்று கண்ணில் பட்டது. உலோகத்துக்குள் பாதி புதைந்து நின்ற, மூலை கூரான துகள்கள். அந்த இடத்தில் எக்ஸ் கதிர் நிறமாலை எடுத்தேன். அலுமினியமும் ஆக்சிஜனும் தெரிந்தன. தூய டைட்டானியத் திருகில் அலுமினியத்துக்கு வேலையே இல்லை. பரப்பைச் சொரசொரப்பாக்குவதற்காகத் தொழிற்சாலையில் வீசிய அலுமினா மணல் (அலுமினிய ஆக்சைடு), கழுவிய பிறகும் போகாமல் தங்கியிருந்தது.

அந்த மணல்தான் திருகைக் கவிழ்த்தது என்று நான் குற்றம் சாட்ட மாட்டேன். அப்படிப்பட்ட துகளைச் சுமந்துகொண்டே பல ஆண்டுகள் உறுதியாக நிற்கும் திருகுகள் உண்டு. காரணத்தை அப்பாவே ஒப்புக்கொண்டார். வைத்த இரண்டாவது வாரமே அந்தப் பக்கமாக வைத்துக் கடலை மிட்டாய் கடித்திருக்கிறார். திருகுக்கும் எலும்புக்கும் இடையில் ஏறத்தாழ 150 மைக்ரோமீட்டருக்கு மேல் அசைவு இருந்தால், அங்கே எலும்பு வளராது, நார்தான் வளரும். 150 மைக்ரோமீட்டர் என்பது இரண்டு தலைமுடியின் தடிமன். அவ்வளவு சிறிய அசைவுக்கு அவ்வளவு பெரிய தண்டனை. ஆனாலும் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் மனத்தில் ஒரு கேள்வி உட்கார்ந்துவிட்டது: அந்த இரண்டு வாரத்துக்குள்ளேயே எலும்பு ஓடிவந்து பிடித்துக்கொள்ளும்படியான பரப்பை நம்மால் செய்து கொடுக்க முடியாதா?

எலும்பு உலோகத்தைப் பிடிக்கும் என்பதே தற்செயலாகத் தெரியவந்த சங்கதி. 1952இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் பெர்-இங்வார் பிரோனமார்க் என்ற ஆராய்ச்சியாளர், எலும்புக்குள் இரத்தம் எப்படி ஓடுகிறது என்று நேரில் பார்ப்பதற்காக முயலின் கால் எலும்பில் டைட்டானியத்தால் செய்த சிறு பார்வைக் கூடு ஒன்றைப் பொருத்தினார். சோதனை முடிந்து கழற்றப் போனபோது அது வரவில்லை. எலும்பு அதைத் தன்னில் ஒரு பகுதியாக்கிக்கொண்டிருந்தது. பிடிவாதமாக வராத அந்தக் கூட்டைச் சனியன் என்று திட்டிவிட்டு வேறு உலோகத்துக்குப் போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் போகவில்லை. 1965இல் கோத்தன்பர்க் நகரில் முதல் மனிதரின் தாடையில் டைட்டானியத் திருகு வைத்தார். பல் மருத்துவ உலகம் நீண்ட காலம் நம்பவில்லை. 1982இல் டொராண்டோவில் நடந்த மாநாட்டுக்குப் பிறகுதான் காது கொடுத்தது. அவருடைய திருகுகள் லேத்தில் கடைந்தெடுத்த, ஏறக்குறைய வழவழப்பான திருகுகள். அதனால் கீழ்த்தாடையில் மூன்று மாதம், மேல்தாடையில் ஆறு மாதம், எந்தச் சுமையும் ஏற்றாமல் காத்திருக்கச் சொன்னார். அதற்குப் பின்வந்த மேற்பரப்பு ஆராய்ச்சி முழுவதும் அந்தக் காத்திருப்பைக் குறைக்கவும், காத்திருக்கும் நாள்களின் ஆபத்தைக் குறைக்கவும் நடந்த உழைப்புதான்.

டைட்டானியத்துக்கு அப்படி என்ன குணம்? அது எடை குறைந்தது, உடலில் அரிக்காது. இவை எல்லோருக்கும் தெரியும். உண்மையில் எலும்பு டைட்டானியத்தைத் தொடுவதே இல்லை. வெட்டிய டைட்டானியம் காற்றைக் கண்ட மறுகணமே ஆக்சிஜனோடு சேர்ந்து தன்மேல் ஒரு போர்வை போர்த்திக்கொள்கிறது. சில நானோமீட்டர் மட்டுமே தடிமன் உள்ள டைட்டானியம் டை ஆக்சைடு. இரத்தம், புரதம், செல் எல்லாம் சந்திப்பது அந்தப் போர்வையைத்தான். சுவாமிமலையில் சிலை வார்க்கிறவர்கள் மெழுகு உருவின்மேல் முதல் பூச்சுக்குக் காவிரி வண்டலைத் தேர்ந்தெடுத்து, நைசாக அரைத்துப் பூசுவார்கள். மேலே போடுகிற பூச்சுகளுக்குக் கொஞ்சம் கரடான மண் போதும். சிலையின் இமையும் நகமும் அந்த முதல் பூச்சில்தான் பதிகின்றன. எங்கள் வேலையும் அதே முதல் பூச்சில்தான் இருக்கிறது. திருகின் உட்பகுதி உறுதியைப் பார்த்துக்கொள்ளும். எலும்போடு பேசுவது கடைசிச் சில மைக்ரோமீட்டர்.

திருகு உள்ளே போன சில நொடிகளில் இரத்தத்தின் புரதங்கள் அதன்மேல் வந்து அமர்கின்றன. பிறகு இரத்தம் உறைந்து ஃபைப்ரின் என்ற நூல் வலை உருவாகிறது. எலும்பை உண்டாக்கும் செல்கள் அந்த நூலைப் பிடித்துக்கொண்டுதான் உலோகத்தை நோக்கி நடந்து வருகின்றன. புடலங்கொடி ஏறக் கட்டிவைத்த சணல் கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். கொடி இழுக்கும்போது முடிச்சு நழுவினால் கொடி பந்தலுக்கு வந்து சேராது. வழவழப்பான பரப்பில் ஃபைப்ரின் நூல் நழுவிவிடுகிறது. அப்போது எலும்பு குழியின் சுவரிலிருந்து மெல்ல மெல்ல உலோகத்தை நோக்கி வளர்ந்து வர வேண்டும். சொரசொரப்பான பரப்பில் முடிச்சு நிற்கிறது, செல்கள் உலோகத்துக்கே வந்து சேர்ந்து அங்கேயே புதிய எலும்பைத் தொடங்குகின்றன. இரண்டு முனையிலிருந்தும் பாலம் கட்டுவது போல வேலை பாதியாகிறது.

இடையில் ஓர் இறக்கம் உண்டு. திருகை முறுக்கி ஏற்றியதும் கிடைக்கும் இறுக்கம் வெறும் மரையின் இறுக்கம். நசுங்கிய பழைய எலும்பை உடல் கரைக்கத் தொடங்கும்போது அது குறைகிறது. புது எலும்பின் பிடிப்போ இன்னும் வரவில்லை. இரண்டாவது வாரத்திலிருந்து நான்காவது வாரம் வரை திருகு மிகவும் நொய்ந்து நிற்கும் நாள்கள். இதை அப்பாவிடம் ஒரு மாலை திண்ணையில் உட்கார்ந்து விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு வயலைக் காட்டினார். நட்டு ஐந்து நாள் ஆன குறுவை. நாற்று முழுவதும் வெளுத்து, துவண்டு, செத்துவிட்டதோ என்று பயப்படும்படி நின்றது.

“நாற்றங்காலில் இருந்த வேர் அறுந்துபோயிற்று, புது வேர் இன்னும் விடவில்லை. இந்த நாளில் யாராவது வயலில் இறங்கி உழப்பினால் மிதந்துவிடும். ஒரு வாரம், பத்து நாள் போனால் பச்சை பிடிக்கும். நீ சொல்வது இதுதானே?” என்றார்.

இதுதான் அப்பா. எட்டு ஆண்டுகளில் இதைவிடத் துல்லியமாக ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை.

சொரசொரப்பைப் பற்றி எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர் என் அப்பாயி. எங்கள் தெருவில் “அம்மி கொத்தலையோ அம்மி” என்று கூவிக்கொண்டு உளியும் சுத்தியலுமாக ஒருவர் வருவார். தேய்ந்து வழவழத்த அம்மியில் மிளகாய் வழுக்கிக்கொண்டு ஓடும், அரைபடாது. அவர் குந்தி உட்கார்ந்து வரிசை வரிசையாகப் புள்ளி கொத்துவார். வரிசை பிசகினால் அப்பாயிக்குக் கோபம் வரும். ஆழமாகக் கொத்தினாலும் கோபம் வரும், மசாலா பள்ளத்தில் தங்கி ஊசிப்போகும் என்பார். கொத்தியவர் போன பிறகு அப்பாயி அம்மியில் உடனே சமையலுக்கு அரைத்துவிட மாட்டார். தவிட்டையும் நொய்யையும் போட்டு இரண்டு மூன்று தடவை அரைத்துக் கழுவிக் கொட்டுவார், கல்துகள் போக வேண்டும் அல்லவா. பள்ளங்களின் ஒழுங்கு, அளவான ஆழம், துகள் தங்காத சுத்தம். இந்த மூன்றும்தான் இன்று திருகுப் பரப்பின் மேல் நாங்கள் வாதாடிக்கொண்டிருக்கும் மூன்று விஷயங்கள்.

உலகம் முழுவதும் அதிகமாக நடப்பது மணல் வீச்சு முறை. அலுமினா போன்ற கடினமான துகளை அழுத்தக் காற்றில் வீசிப் பரப்பைக் கொத்துவார்கள். அதன்பின் வலுவான அமிலத்தில் அரித்து இன்னும் நுண்ணிய குழிகளை உண்டாக்குவார்கள். ஒன்றிலிருந்து இரண்டு மைக்ரோமீட்டர் வரை உள்ள மிதமான சொரசொரப்பை எலும்பு மிகவும் விரும்புகிறது என்பது பல ஆண்டுகளாக நிலைபெற்ற முடிவு. இந்த முறை அதைத் தருகிறது, நன்றாகவே தருகிறது. ஆனால் வீசிய மணல் எங்கே போய் விழும் என்று யாரும் தீர்மானிக்க முடியாது. என் நுண்ணோக்கியில் பார்த்தது போலத் துகள் புதையும். பிறகு அந்த அமிலக் கழிவு எங்கோ போக வேண்டும். கடைமடைக்குப் போகிற ஆற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த எனக்கு அந்தத் தொட்டிகளை நினைத்தால் அடிவயிறு கலங்குகிறது.

லேசர் எதையும் தொடுவதில்லை. கடைத்தெருவில் எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் பொறிக்கச் சிலர் வைத்திருக்கும் லேசர்ப் பெட்டியும் எங்கள் ஆய்வகக் கருவியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. கண்ணுக்குத் தெரியாத 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி. சராசரித் திறன் 20 வாட்தான், மேசை விளக்கின் அளவு. அந்தத் திறனை நொடிக்கு 20,000 துடிப்புகளாக நறுக்கி, ஒவ்வொரு துடிப்பையும் ஒரு நொடியின் ஒரு கோடியில் ஒரு பங்குக்குள் அடைத்தால், அந்தக் கணத்தில் அதன் திறன் 10,000 வாட் ஆகிவிடுகிறது. ஐந்து குதிரைத்திறன் பம்புசெட் மோட்டார் மூன்று சேர்ந்தால் வருவதற்குச் சற்றுக் குறைவு, அதுவும் தலைமுடியைவிட மெல்லிய ஒரு புள்ளியில். டைட்டானியம் 1668 டிகிரி செல்சியஸில் உருகும். அந்தப் புள்ளியில் உலோகம் உருகி, கொஞ்சம் ஆவியாகி, ஆவியின் அழுத்தத்தில் உருகியது விளிம்புக்கு ஒதுங்கி உறைகிறது. அடுத்த துடிப்பு அடுத்த புள்ளியில். பாதுகாப்புக் கண்ணாடி வழியே பார்த்தால் நீல வெண்மையான ஒரு பொறி ஓடிக்கொண்டே இருக்கும், கூடவே கொசுவின் ரீங்காரம் மாதிரி மெல்லிய ஒலி. கதிரைத் திருப்புகிற இரண்டு சிறு கண்ணாடிகளும் கணினி சொன்னபடி அசைவதால், எந்தப் பள்ளம் எங்கே, எத்தனை ஆழம் என்பது நம் கையில் இருக்கிறது. வேறு பொருள் எதுவும் பரப்பில் வந்து சேர்வதில்லை.

முதன்முதலாக நான் லேசர் ஓட்டிய தகட்டைக் கையில் எடுத்தபோது வாய் பேசவில்லை. வெள்ளி நிறத் தகடு பொன்னாக, ஊதாவாக, நீலமாக மாறியிருந்தது, சாய்த்தால் நிறமும் சாய்ந்தது. திருபுவனத்தில் பட்டு நெய்கிறவர்கள் மயில் கழுத்து என்று ஒரு நிறம் சொல்வார்கள். அதேதான். பட்டில் அந்த மினுக்கம் பாவும் ஊடையும் இரு நிறமாக இருப்பதால் வருகிறது. டைட்டானியத்தில் சாயமும் இல்லை, இழையும் இல்லை. வெப்பத்தில் தடித்த ஆக்சைடுப் படலத்தின் மேல்புறமும் அடிப்புறமும் ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன, அந்த இரண்டு அலைகளும் ஒன்றோடொன்று மோதி நிறம் பிறக்கிறது.

அந்தத் தகட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். நிற்கவில்லை, பாய்ந்து பரவிவிட்டது. தண்ணீரை விரும்பும் பரப்பு இரத்தத்தையும் விரும்பி இழுக்கும். துள்ளிக் குதித்தேன். இரண்டு வாரம் கழித்து அதே தகட்டை எடுத்துச் சொட்டு விட்டால், சேப்பங்கிழங்கு இலையில் நிற்பதுபோல உருண்டு நின்றது. பரப்பு மாறவில்லை. காற்றில் எப்போதும் மிதக்கும் நுண்ணிய கரிமச் சேர்மங்கள் அதன்மேல் படிந்து எண்ணெய்த்தோல் போட்டுவிட்டன. செய்த பொருளை எப்படி வைக்கிறோம் என்பதும் செய்வதிலேயே சேர்த்தி என்று அன்று புரிந்தது. இப்போது எங்கள் தகடுகள் லேசரிலிருந்து நேரே உப்புநீர்க் குப்பிக்குள் போகின்றன.

லேசரின் உண்மையான சிறப்பு, இடத்துக்கு இடம் வேறு பரப்பு தர முடிவதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. செல்கள் பள்ளத்தின் போக்கிலேயே நீண்டு வளரும். தவளைக் கருவின் செல்கள் சிலந்தி நூலைப் பிடித்துக்கொண்டு அதன் வழியே நகர்வதை அமெரிக்க உயிரியலாளர் ராஸ் ஹாரிசன் நூறாண்டுகளுக்கு முன்பே கண்டார். பல் திருகின் கழுத்தில் எட்டு, பன்னிரண்டு மைக்ரோமீட்டர் அகலத்தில் லேசரால் கோடு கீறிய வகைகள் ஏற்கெனவே மருத்துவத்தில் இருக்கின்றன. ஈறின் நார்கள் அங்கே பிடித்துக்கொண்டு, கிருமி கீழே இறங்காமல் கதவடைக்கும். கழுத்துக்கு அப்படி ஒரு கோடு, உடம்புக்கு எலும்பு கேட்கும் வேறொரு சொரசொரப்பு. கை நிறைய மணலை வீசி இதைச் செய்ய முடியாது.

ஃபெம்டோநொடி லேசர் வந்த பிறகு இன்னும் நுண்மை கூடியிருக்கிறது. ஃபெம்டோநொடி என்பது ஒரு நொடியின் கோடி கோடியில் ஒரு பங்கு, அதிலும் பத்தில் ஒன்று. வெப்பம் பக்கத்தில் பரவுவதற்குள் துடிப்பே முடிந்துவிடும். ஒளியின் அலைநீளத்தைவிடச் சற்றுக் குறைந்த இடைவெளியில், காற்று வீசிய மணல்மேட்டின் வரிகள் போன்ற அலைகள் தாமாகவே உலோகத்தில் உருவாகின்றன. இப்படிப்பட்ட மிகக் குறுகிய, மிக வலிய துடிப்புகளுக்கு வழிகண்டதற்காகத்தான் டோனா ஸ்ட்ரிக்லேண்டும் ஜெரார் மூரூவும் 2018ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். அந்தக் கருவியில் எனக்கு நேரம் கிடைப்பது ஆண்டில் சில நாள்கள்தான். அந்த நாள்களில் நான் சாப்பிட மறந்துவிடுகிறேன்.

இவ்வளவு சொன்ன நான் அப்பாவின் இரண்டாவது திருகுக்கு எதைத் தேர்ந்தெடுத்தேன்? மணல் வீசி அமிலத்தில் அரித்த பரப்பைத்தான். லேசர்ப் பரப்புள்ள திருகைத் திருப்பி எடுக்க, வழவழப்பான திருகைவிட அதிக விசை தேவைப்படுகிறது என்று விலங்குகளில் செய்த பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் மனித வாயில் பத்து, பதினைந்து ஆண்டு நின்ற சாட்சியம் மணல், அமில முறைக்குத்தான் மிக அதிகம். லேசர் பள்ளம் கூர்மையாகவும் ஆழமாகவும் விழுந்துவிட்டால் அங்கிருந்தே உலோகத்தில் விரிசல் தொடங்கக்கூடும். நாளெல்லாம் மென்று மென்று அழுத்தும் இடத்தில் அது சின்ன விஷயமில்லை. அளவுக்கு மீறிய பள்ளத்தில் கிருமியும் குடியேறும். ஆழமாகக் கொத்தினால் ஊசிப்போகும் என்றாரே அப்பாயி, அதுவேதான். எங்கள் தகடுகள் இந்தச் சோதனைகளை எல்லாம் தாண்டி வர வேண்டும். அவசரப்பட்டு யார் தாடையிலும் வைக்க நான் துணிய மாட்டேன், அப்பா தாடையில் துணிவேனா?

குழி ஆறுவதற்கு மாதக்கணக்கில் விட்டுவிட்டு, கார்த்திகையில் இரண்டாவது திருகு வைத்தார்கள். வெற்றிலையை விடமாட்டேன், புகையிலையை மட்டும் விடுகிறேன் என்று அம்மாவின் முன்னால் அப்பா சத்தியம் செய்தார், காப்பாற்றவும் செய்தார். சர்க்கரையை மாதம் ஒருமுறை பார்த்தோம். அந்தப் பக்கம் சோற்றுப்பருக்கைகூடப் போகாமல் பார்த்துக்கொண்டார். “வயலில் ஆள் இறங்கக் கூடாத நாள்” என்று அவரே சொல்லிக்கொண்டு பொங்கல் கரும்பை ஒதுக்கினார். அறுபத்தெட்டு வயது மனிதர் கரும்புக் கட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தது எனக்குத் தாங்கவில்லை. துண்டு நறுக்கிப் பிழிந்து சாறாகக் கொடுத்தேன்.

மாசியில் மறுபடி மருத்துவரிடம் போனோம். படம் எடுத்தார், முறுக்கிப் பார்த்தார். பிறகு சிறு கண்ணாடிக் கருவியின் காம்பால் திருகின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். எலும்பு பிடிக்காத திருகைத் தட்டினால் மண்ணில் தட்டியது போல மந்தமாகக் கேட்கும். ஆனியில் அந்தச் சத்தத்தைத்தான் கேட்டேன். இப்போது கணீரென்று ஒலித்தது, சந்தையில் விண்டுபோகாத பானை ஒலிப்பது போல.

அப்பா கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். வாயைத் துடைத்துக்கொண்டு, “இன்னொரு தடவை தட்டுங்கள் ஐயா” என்றார். மருத்துவர் சிரித்துக்கொண்டே மறுபடி தட்டினார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.